சேரியின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன?
தேவாலயப் பதிவேடுகளும் நம் குடும்ப வரலாறும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக இன்று அஸ்தம்பட்டியில் கூடியிருக்கிறோம். பண்டிதர் 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். அவருடைய எழுத்தில் அவருடைய பாட்டனார் வருகிறார். பெயர் கந்தப்பன். ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை அவர் துரையிடம் கொடுத்தார், துரை வழியாக அது எல்லிஸ் கைக்குப் போனது, குறள் அச்சேற அதுவே வழி செய்தது என்று பண்டிதர் எழுதினார். குறள் முதன்முதலில் அச்சானது 1812இல். அச்சு வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் கந்தப்பனைக் கண்டுகொள்ளவில்லை. பேரன் எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது.

பேரன் எழுதாத பாட்டன்கள் எத்தனை பேர்? நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டனின் தகப்பன் பெயர் தெரியும்? சென்ற ஆண்டு எங்கள் அமைப்பின் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டோம். பெரும்பாலோர் பாட்டனோடு நின்றுவிட்டார்கள். சிலர் பூட்டனின் பட்டப்பெயரைச் சொன்னார்கள். அதற்கு மேலே ஒருவருக்கும் தெரியவில்லை. இது அவர்களுடைய குறை அல்ல. நிலம் இருந்த வீட்டில் பத்திரம் இருந்தது. பத்திரத்தில் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் இருந்தன. நிலம் இல்லாத வீட்டில் பெயரை வைத்திருக்க நினைவைத் தவிர வேறு இடம் இல்லை. பஞ்சமும் கொத்தடிமையும் இடப்பெயர்வும் அந்த நினைவையும் அறுத்தன.

ஆகவே இந்தச் சொற்பொழிவில் ஒரு செயல்முறையைப் பேச விரும்புகிறோம். நம் முன்னோரின் பெயர்கள் எந்தக் காகிதத்தில் இருக்கக்கூடும்? அதை எப்படித் தேடுவது? தேடிக் கண்டெடுத்தால் அதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து?

1. இங்கிலாந்தின் ஏழைக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது?

இங்கிலாந்தில் ஒரு சாதாரணக் கூலித் தொழிலாளியின் குடும்பத்தார் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போய்த் தங்கள் முன்னோரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் பங்குப் பதிவேடு. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணையிட்டார். ஒவ்வொரு பங்குக் குருவும் தம் பங்கில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். வரி போடத்தான் இந்தக் கணக்கு என்று மக்கள் அஞ்சினார்கள். 1598 முதல் இந்தப் பதிவுகளின் நகல் ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. மூலப் புத்தகத்தைக் கரையான் தின்றாலும் நகல் தப்பியது.

1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும் என்றானது. எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். நம் கைரேகைக்கு அது அண்ணன். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் படிவத்தில் தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தகப்பனின் தொழில், சடங்கு நடத்தியவர் என்று கட்டங்கள் இருந்தன. 1837இல் அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது. அதுவரை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஏழையின் பெயரைத் தாங்கியது இந்தப் பதிவேடுதான்.

இதில் அன்பு ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்கு தன் பங்கைச் சேர்ந்த ஏழைக்கு மட்டுமே உதவி செய்யும். அயல் பங்கு ஏழையைத் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கே பிறந்தாய் என்பதுதான் கஞ்சி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்தது. மணமாகாத தாயின் பிள்ளையை இழிசொல்லால் குறித்த பதிவேடுகளும் உண்டு. எழுதியவர்கள் தங்கள் தேவைக்காக எழுதினார்கள். ஆனாலும் உழவன் பெயரும் பிரபுவின் பெயரும் ஒரே புத்தகத்தில், ஒரே கட்டத்தில் ஏறின.

நம் நாட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராஜராஜன் வரிநீக்கிய இடங்களின் பட்டியல் வருகிறது. அதில் ‘தீண்டாச்சேரி’ உண்டு, ‘பறைச்சேரி’ உண்டு. சேரி நிலத்தின் அளவு கல்லில் ஏறியது. சேரியில் வாழ்ந்தவரின் பெயர் ஏறவில்லை.

2. அஸ்தம்பட்டியின் இரண்டு வகைப் பெயர்கள்

சேலம் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர். பிறகு வந்த துரைமார்கள் பேட்டையின் நெரிசலிலிருந்து விலகி இந்த அஸ்தம்பட்டிப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டார்கள். 1870களில் அவர்கள் வழிபடச் சேலத்தில் கிறிஸ்து ஆலயமும் எழுந்தது.

அந்தப் பங்களாக்களில் பிறந்த குழந்தை, நடந்த கல்யாணம், நேர்ந்த சாவு எல்லாவற்றையும் ஆங்கிலப் பாதிரியார் இங்கிலாந்தின் அதே படிவத்தில் எழுதினார். இப்படி மாகாணமெங்கும் எழுதப்பட்டவற்றின் நகல்கள் சென்னைக்குப் போயின. அங்கிருந்து இலண்டனுக்குப் போயின. 1698 முதல் இந்திய விடுதலைக் காலம் வரை மதராஸ் மாகாணத்திலிருந்து போன தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1753இல் சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் நடந்த இராபர்ட் கிளைவின் திருமணமும் அந்த வரிசையில் வரும் பதிவுதான். இந்தியாவில் வாழ்ந்து செத்த ஆங்கிலேயரின் வாரிசுகள் இன்று கணினியில் பெயரைத் தட்டித் தங்கள் கொள்ளுப்பாட்டன் எந்த ஊரில் அடக்கமானார் என்று அறிந்துகொள்கிறார்கள்.

அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்து வளர்த்த ஆயாவின் பெயர் அந்தப் படிவத்தில் இல்லை. சமையல்காரர், குதிரைக்காரர், தண்ணீர்க்காரர், தோட்டக்காரர், தோட்டி என்று பங்களாவைச் சுமந்தவர்களுக்கு அதில் கட்டமே கிடையாது. பண்டிதரின் பாட்டனார் போன்ற எத்தனையோ பேர் இந்த வேலைகளில் இருந்தார்கள். ஆகவே ஆங்கிலேயரின் பதிவேட்டைத் திறந்ததும் நம் பாட்டி கிடைத்துவிடுவார் என்று மாணவர்கள் நம்ப வேண்டாம். கிடைக்க வாய்ப்புள்ள இடம் வேறு. அது மிஷன் சபையின் பதிவேடு.

3. மிஷன் பதிவேட்டை வாசிப்பது எப்படி?

இலண்டன் மிஷன் சங்கம் 1795இல் தொடங்கியது. 1827இல் ஹென்றி கிரிஸ்ப் சேலத்துக்கு வந்து பணியைத் தொடங்கினார். 1840 முதல் 1861இல் இறக்கும்வரை இங்கே இருந்தவர் ஜான் மைக்கேல் லெக்லர், ஜெர்மானியர். கோட்டைப் பகுதியில் அவர் பெயரால் ஆலயம் இருக்கிறது. இந்தச் சபை 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. மிஷனரிமார் இலண்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளியில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் ஞானஸ்நானப் புத்தகம் என்பது அந்தந்தச் சபையில், ஆயரின் பொறுப்பில், பெரும்பாலும் ஓர் இரும்பு அலமாரியில் இருப்பது. கடிதத்தை இலண்டனில் தேடலாம். பெயரை உள்ளூரில்தான் தேட வேண்டும்.

கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு வேறு மரபு. 1563இல் திரிதெந்து சங்கம் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதிகள் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களில் பிரிந்து கிடந்தன. ஆகவே பழைய தகவல் வேண்டுவோர் எந்தப் பங்கு எப்போது எதன்கீழ் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். ஆனால் நாலைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும், ஒரு நாளில் பழகிவிடலாம். 1908க்குப் பிந்தைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவில் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து எங்கே, யாரை மணந்தது என்பதை அங்கே குறிக்கும் விதி வந்தது. ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கும்.

பதிவேட்டைத் திறக்கும்போது நான்கு கட்டங்களை நிதானமாக வாசிக்க வேண்டும்.

முதலாவது பெயர். ஞானஸ்நானம் பெயரை மாற்றும். கருப்பாயி சாராள் ஆவார். முனியன் மோசே ஆவார். பதிவேட்டில் சாராள் என்று தேடினால் இருபது சாராள் வருவார்கள். வீட்டிலோ கருப்பாயி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். எங்களில் ஒருவரின் பாட்டிக்கு இப்படி இரண்டு பெயர். சபைப் புத்தகத்தில் ஒன்று, ரேஷன் அட்டையில் இன்னொன்று. இரண்டும் ஒருவரே என்று சொல்ல உயிரோடிருந்தவர் அவருடைய தங்கை மட்டும்தான். அவரிடம் கேட்டு எழுதிய மூன்றாம் மாதம் அவரும் போய்விட்டார். ஆகவே புத்தகத்தைத் தேடுமுன் கிழவிகளைத் தேடுங்கள் என்பது எங்கள் முதல் பாடம்.

இரண்டாவது தகப்பன் பெயரும் தாய் பெயரும். வளர்ந்தபின் மதம் மாறியவரின் பதிவில் பெற்றோரின் பழைய பெயர் அப்படியே நிற்கும். மதம் மாறாத அந்த மூத்த தலைமுறையின் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் இருக்கக்கூடும். நமக்கு மிகவும் விலைமதிப்புள்ளது இதுதான். கிறிஸ்தவராகாத கிளைக்கும் இதே பாட்டன்தான் பாட்டன்.

மூன்றாவது வசிப்பிடம். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சேரியின் பெயரோ காட்டுக்கொட்டாயின் பெயரோ பண்ணைக்காரரின் பெயரோ இருந்தால் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பண்ணைக்காரரின் பெயர் தெரிந்தால் நிலப் பதிவேட்டுக்கு வழி திறக்கும்.

நான்காவது தொழிலும் சாதியும். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஆங்கிலத் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சாதியைப் பேணியவர்கள் அதை எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறிய ஊர்களும் உண்டு. ஒரு பதிவேட்டில் சாதி எழுதாமல் விட்டிருந்தால் சாதி இல்லாமல் போய்விட்டது என்று பொருள் அல்ல. ‘கூலி’, ‘தோல் வேலை’, ‘வெட்டி’ என்று தொழில் கட்டமே அதைச் சொல்லிவிடும். கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிய ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு என்பதை நாம் அறிவோம்.

திருமணத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சபைகளின் திருமணப் பதிவுகளுக்கு அரசு அலுவலகத்துக்கு நகல் அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. சபையில் புத்தகம் அழிந்திருந்தாலும் சென்னையில் நகல் இருக்க வாய்ப்புண்டு.

4. போனவருக்குக் காகிதம், இருந்தவருக்கு இல்லை

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சேலத்தை உலுக்கியது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது ஏறக்குறைய 16 லட்சம். பத்தாண்டில் பெருக வேண்டிய மக்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்தார்கள். செத்தவர்களில் நிலமற்ற கூலிகளே மிகுதி. அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் 1841 முதலான கணக்கெடுப்புத் தாள்கள் வீடுவாரியாகப் பெயரோடு பாதுகாக்கப்பட்டு, நூறாண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. நம் கணக்கெடுப்பில் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு பெயர்த்தாளை அழித்துவிட்டார்கள். நாம் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினோம்.

ஆனால் கப்பலேறியவர்களுக்குப் பெயர் இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். சேலம் மாவட்டத்தாரும் அவர்களில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் வேண்டும்; செத்தால் கணக்கு முடிக்கப் பெயர் வேண்டும். ‘பறையன்’ என்று எழுதிய சாதிக் கட்டங்கள் அந்தப் பட்டியல்களில் ஏராளம். இன்று டர்பனில் வாழும் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரோடு சேலம் வந்து இறங்க முடியும். அவர் தேடி வரும் சேரியில் இருக்கிற உறவுக்காரரிடம் அந்தத் தாத்தாவின் அண்ணன் பெயர் இருக்காது. அடிமைக் கூலியாகப் போனவருக்குக் காகிதம் கிடைத்தது. இங்கேயே அடிமையாக இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை வேறு மாதிரி. சேலம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிப் போனார்கள். கங்காணியிடம் இருந்தது கடன் கணக்கு. நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி எழுதிய பட்டியல் அங்கே கிடையாது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருந்தது? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பல லட்சம் பேர் கண்டிராத ஊருக்குத் ‘திரும்பி’ வந்தார்கள். குடும்ப வரலாறு ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் மலையகத்தை நினைவூட்டுங்கள்.

5. கிறிஸ்தவரல்லாத குடும்பங்கள் எங்கே தேடுவது?

இந்தச் சமவெளியில் நம் மக்களில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் சேராதவர்கள். அவர்களுக்கு நான்கு இடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பிறப்பு இறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்களிலும் இந்தப் பதிவு பரவியது. கிராமத்தில் எழுதியவர் கிராம அலுவலர். 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தபின் பழைய கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகங்களுக்குப் போயின. பெயர் வைக்காத குழந்தையை ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரை வைத்தே தேட வேண்டும்.

இரண்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1920களில் தொடங்கிய லேபர் பள்ளிகளிலும், பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் நம் தாத்தாக்கள் சேர்ந்த நாள் எழுதப்பட்டிருக்கிறது. சாதிக் கட்டத்தில் ஒரே குடும்பத்துக்குப் பல பெயர்கள் வரலாம். பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத அரசு ஆணையிட்டது 1922இல். அருந்ததியர் என்ற பெயரும் இதுபோலப் போராடிப் பெற்றதுதான். தகப்பனுக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றுமாக எழுதியிருந்தால் குடும்பம் வேறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடையில் ஓர் ஆணை வந்திருக்கும்.

மூன்று, நிலக் கணக்கு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம் என்கிறோம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். மீட்கப் போகும்போது முதல் கேள்வி இதுதான்: அ-பதிவேட்டில் இருக்கும் இந்தப் பெயர் உன் பாட்டன் என்பதற்கு என்ன சான்று? நிலம் அங்கே இருக்கும், பெயர் புத்தகத்தில் இருக்கும், இரண்டையும் நம்மோடு இணைக்கும் வம்சாவளி இல்லாமல் வழக்குத் தோற்கும்.

நான்கு, எல்லை மாற்றம். நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுப் பின்னர் சேலத்துக்குத் திரும்பியது. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. இராசிபுரத்துக் குடும்பத்தின் தாள் சேலத்திலும், நாமக்கல் குடும்பத்தின் தாள் திருச்சியிலும் கிடக்கலாம். இல்லை என்று ஓர் அலுவலகம் சொன்னால் இங்கே இல்லை என்று மட்டுமே பொருள்.

6. ஆபத்தையும் தெரிந்துகொள்வோம்

பதிவேடு வெறும் நினைவுப்பொருள் அல்ல. அது சான்று. சான்று இரண்டு பக்கமும் வெட்டும்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்கலாம் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. பரிந்துரை அப்படியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியிருந்தாலும் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். சேரி மாறவில்லை, தெரு மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது.

இந்த நிலையில் ஒரு ஞானஸ்நான வரி என்ன செய்யும்? 2015இல் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தாய்மதத்துக்குத் திரும்பியவர் பட்டியல் சாதி உரிமை பெற மூன்றைக் காட்ட வேண்டும் என்றது. முன்னோர் அந்தச் சாதியினர் என்பது ஒன்று. திரும்பியது உண்மை என்பது இரண்டு. அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது மூன்று. முன்னோரின் சாதியைக் காட்டும் பழைய பதிவு அங்கே துணை செய்யும். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கிலோ, குழந்தைப் பருவத்து ஞானஸ்நானமும் தேவாலயத்துக்குப் போய்வந்ததும் எடைபோடப்பட்டு, பட்டியல் சாதிச் சான்று கேட்டவருக்கு அது மறுக்கப்பட்டது. ஒரே வகைப் புத்தகம்தான். ஒருவருக்குக் கதவைத் திறக்கும், இன்னொருவருக்கு அடைக்கும்.

ஆகவே எங்கள் மாணவர்களுக்கு மூன்று கட்டுப்பாடுகளை வைத்தோம். உயிரோடு இருப்பவரின் பதிவை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. 1950க்குப் பிந்தைய எந்தப் பதிவையும் வாட்ஸாப்பிலோ முகநூலிலோ போடக் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் கையில் மட்டும் இருக்க வேண்டும். ஒரு வீட்டின் வரலாற்றை எழுதுமுன், அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சான்றிதழில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுப் பட்டம் நமக்குக் கிடைத்து, வேலை அவர்களுக்குப் போனால் அது வரலாறு அல்ல, துரோகம்.

சபைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சபையில் எங்களைப் பதிவேட்டின் பக்கம் விடவே இல்லை. வந்த காரணத்தையும் கேட்கவில்லை. பதிவேட்டில் உள்ளோரைக் காக்கவே அப்படிச் செய்தார்கள் என்றால் அந்த அச்சத்தை மதிக்கிறோம். அப்படியானால் கரையானிடமிருந்தும் அதைக் காக்க வேண்டும். நூறாண்டு கடந்த பக்கங்களையாவது நகலெடுத்து, அந்தந்தக் குடும்பத்தார் கேட்டால் காட்டும் ஏற்பாடு வேண்டும்.

7. நாமே எழுதும் பதிவேடு

1891 கணக்கெடுப்பை ஒட்டிப் பண்டிதர் நம் மக்களைச் ‘சாதியற்ற திராவிடர்’ என்று பதியச் சொன்னார். ஒரு கட்டத்தில் என்ன சொல் ஏறுகிறது என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அவர் அறிந்திருந்தார். இதுவரை நாம் பார்த்த புத்தகங்களில் ஒன்றுகூட நமக்காக எழுதப்பட்டதில்லை. பேராயருக்காக, தோட்ட முதலாளிக்காக, வரிக்காக எழுதினார்கள். நம் பெயர் அதில் தற்செயலாக அகப்பட்டுக்கொண்டது. யாருக்காக எழுதினான் என்று கேட்ட பிறகே எந்தப் பெயரையும் வாசிக்க வேண்டும். கேட்டுவிட்டு, தயங்காமல் வாசிக்கவும் வேண்டும். ஏனென்றால் அது நம் பாட்டியின் பெயர்.

ஒவ்வொரு தோழரும் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், பிறந்த ஊர். அடுத்து அப்பா, அம்மா. இருவர் வழியிலும் பாட்டன், பாட்டி. வீட்டுப் பெயரும் புத்தகப் பெயரும் தனித்தனியாக. அம்மா வழியை விட்டுவிடாதீர்கள். அரசு கேட்கும் கட்டத்தில் தாய்வழிக்கு இடமில்லை என்பதால் அதுதான் முதலில் மறையும். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதையும் எழுதுங்கள். யாரிடம் ஆள் வேலை பார்த்தார்கள், எந்தக் கிணறு வெட்டினார்கள், எந்தப் பஞ்சத்தில் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று எழுதுங்கள். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று கேளுங்கள். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஆண்டுக்கொருமுறை பொங்கல் வைக்கப் போகும் அந்த இடம் பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஓராண்டில் எங்கள் பகுதியின் ஒரு சேரியில் இப்படி நாற்பது வீடுகளின் நோட்டுகள் சேர்ந்தன. ஒரு நோட்டில் இருந்த பூட்டனின் பெயர் இன்னொரு நோட்டிலும் இருந்தது. இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் அவை. நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மூத்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப நாங்க பங்காளியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் எந்தத் தேவாலயப் பதிவேட்டிலும் இல்லை. கேட்டு எழுதினோம், கிடைத்தது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் மிக மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜெய் பீம்.